இறங்காத கோடு

ஜூன் 5, வியாழன்

பனியன் கம்பெனியில் ஜனவரி மாதம் கொடுத்த டைரி இது. பீரோவில் சும்மா கிடந்தது. இன்றைக்கு எழுத ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது.

தெரு முழுக்கப் புது மீட்டர் வைத்துவிட்டார்கள். இனி காலை ஆறிலிருந்து பத்து வரையும் மாலை ஆறிலிருந்து பத்து வரையும் கரண்டுக்குக் கூடுதல் விலை. மற்ற நேரத்தில் குறைவு. மனிதன் எந்நேரம் வீட்டில் விளக்கைப் போட்டு உட்காருகிறானோ அந்நேரத்துக்கு அபராதம் என்று அர்த்தம். மாவாட்டுவது, துணி துவைப்பது எல்லாம் இனிமேல் பத்து மணிக்கு அப்புறம்தான் என்று சாந்தாமணியிடம் சொன்னேன்.

"அப்ப சோறு பொங்கறது? அதையும் பத்துக்கு மேல வெச்சுக்கலாமுங்களா?" என்றாள். அவளுக்கு எல்லாமே விளையாட்டு.

மாமா தன் அறையிலிருந்தே குரல் கொடுத்தார். "ஏனுங் மாப்ள, எம்பட மூச்சு எந்நேரத்துல சல்லீசுங்க?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

மாமா என்றால் அவளுடைய அப்பா, சென்னியப்பன். நூல் மில்லில் காலமெல்லாம் பஞ்சுத் தூசியை இழுத்த நெஞ்சு. தை மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து மூக்கில் குழாயோடுதான் இருக்கிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கிறது. கரண்ட் இருந்தால்தான் அது ஓடும். அவசரத்துக்கென்று ஒரு சிலிண்டர் மூலையில் நிற்கிறது. வீடு அவருடையது. ஒரே பெண் என்பதால் கல்யாணமானதிலிருந்து நான் இங்கேதான். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்வது எனக்குக் கேட்காமலும் இல்லை.

ஜூன் 14, சனி

பேட்டரி ஒன்று பார்த்துவிட்டு வந்தேன். சுவரில் மாட்டுகிற வெள்ளைப் பெட்டி. விலை குறைந்த நேரத்தில் கரண்டை உள்ளே நிரப்பிக்கொள்ளும், விலை ஏறும் நேரத்தில் வீட்டுக்குக் கொடுக்கும். வெங்காய வியாபாரி செய்கிற வேலைதான். சீட்டுப் பணத்தை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். சாந்தாமணியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மாட்டியாகிவிட்டது. ஜெரால்டு என்று ஒரு பையன் வந்து கூடத்துச் சுவரில் ஆணியடித்தான். மாமாவின் அறையை எட்டிப் பார்த்துவிட்டு, "ரிசர்வ் அம்பது வச்சிருக்கேன் சார். பாதிக்குக் கீழ பேட்டரி இறங்காது. பெரியவர் மெஷின் இருக்கறதால அதைக் குறைக்காதீங்க" என்றான். நமக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா குழாயைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "கரண்டப் புடிச்சுப் பெட்டீல அடச்சுப் போட்டீங்களாட்ட இருக்குது? கடிக்காதுங்களா?"

கேலி செய்துவிட்டுப் போகட்டும். இந்த வீட்டில் ஜன்னலுக்கு என்ன பெயின்ட் அடிப்பது என்பதைக்கூட அவரைக் கேட்டுத்தான் செய்திருக்கிறேன். இந்தப் பெட்டிக்கு யாரையும் கேட்கவில்லை.

ஜூன் 25, புதன்

போனில் ஓர் ஆப் இருக்கிறது. வீட்டில் எந்த நேரம் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்பது கோடாக வருகிறது. மிக்சி போட்டால் கோடு குதிக்கிறது. மோட்டார் போட்டால் எகிறுகிறது. எல்லாவற்றையும் அணைத்தால் இறங்குகிறது. ஆனால் ஓர் அளவுக்குக் கீழே மட்டும் இறங்குவதே இல்லை. ஃபிரிட்ஜ் என்று முதலில் நினைத்தேன். அதை அணைத்துப் பார்த்தேன். அது இல்லை.

மாமாதான் அந்தக் கோடு.

ஜூலை 2, புதன்

பாதி பேட்டரியைச் சும்மா வைத்துக்கொண்டு, மீதிப் பாதியை மட்டும் புழங்குவது கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதை. மாலை எட்டரைக்கே ரிசர்வைத் தொட்டுவிடுகிறது. மிச்ச நேரம் அதிக விலைக் கரண்ட். ரிசர்வை முப்பது ஆக்கினேன். ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

ஜூலை 9, புதன்

சாப்பிடும்போது சிந்துஜா கேட்டாள். "ஏப்பா, கரண்ட் நெம்ப நேரம் போயிருச்சுன்னா தாத்தாவோட மெஷினு எவ்வளவு நேரம் ஓடும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் சாந்தாமணி பாய்ந்துவிட்டாள். "வெளக்கு வெக்கற நேரத்துல என்ன பேச்சுடி பேசறே? வாயக் கழுவு போ."

பெண் எழுந்து போய்விட்டாள். இந்த வீட்டில் அந்தக் கேள்விக்கு இப்படித்தான் ஆகும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நர்ஸ் கேட்டபோதும் இதேதான் நடந்தது. நல்ல வார்த்தை பேசினால் நல்லது நடக்கும் என்பது அவள் நம்பிக்கை. கணக்குப் போடுவது என் வேலையாகிவிட்டது. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். பல்லடம் ரோட்டில் மரம் விழுந்து மதியம் கரண்ட் போனது. தெருவே விசிறிக்கொண்டு வாசலில் நின்றது. எங்கள் வீட்டில் ஃபேன் ஓடியது, டிவி ஓடியது, மாமாவின் மெஷின் ஒரு விநாடி கூட நிற்கவில்லை. எதிர்வீட்டுக் காளீஸ்வரி அக்கா போனைச் சார்ஜ் போட வந்தவர், "மாமனாருக்கோசரம் இவ்வளவு செலவு பண்றவரு யாருங்க இந்தக் காலத்துல?" என்று சொல்லிவிட்டுப் போனார். பேட்டரியை எதற்காக வாங்கினேன் என்று நான் திருத்தப் போகவில்லை.

மாமாவும் கூப்பிட்டார். "மாப்ள, எம்பட உசுரு இப்ப உங்க பெட்டீலதான் இருக்குது போங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். சாந்தாமணி அவரைத் திட்டினாள்.

எனக்கு அந்த வார்த்தை பிடித்திருந்தது. வெட்கமாக இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

கரண்ட் வந்தபோது பார்த்தேன். பேட்டரி கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. இத்தனை காற்றுக்கே இவ்வளவுதான் என்றால் முப்பது எதற்கு? பத்து போதும்.

ஜூலை 29, செவ்வாய்

பத்து ஆக்கினேன். மாலை நேரம் முழுவதும் பேட்டரியிலேயே ஓடிவிட்டது, கடைசிக் கால் மணியைத் தவிர. அந்தக் கால் மணி கண்ணை உறுத்துகிறது.

ஆகஸ்ட் 6, புதன்

சிந்துஜாவுக்குக் காங்கேயத்தில் ஒரு வரன். அரிசி ஆலை வைத்திருக்கிறார்கள். பையன் இன்ஜினியர். ஜாதகம் பொருந்துகிறது என்று தகவல் வந்தது. சாந்தாமணி பழனி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். எங்கள் நிலைமைக்கு இது கிடைக்காத இடம். இதை நழுவவிடக் கூடாது. எனக்கு இரண்டு நாளாக வேறு நினைப்பே இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆடி முடியப்போகிறது. காற்றும் அடங்கிவிட்டது. ரிசர்வ்: பூஜ்யம்.

காலையிலும் மாலையிலும் ஒரு சொட்டுக்கூட அதிக விலைக் கரண்ட் இல்லை. ஆப்பில் பச்சை நிறத்தில் ஒரு நட்சத்திரம் காட்டியது. மாமாவுக்கு எதற்கும் சிலிண்டர் இருக்கிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. புதன்கிழமை ஒன்பதேகாலுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையிலிருந்து வீடு கழுவினோம். மாமாவின் அறை கூடத்தை ஒட்டி இருக்கிறது. உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது அந்த சிலிண்டர்தான். சாந்தாமணியும் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சிலிண்டரு நிக்கற ஊட்டுல பொண்ணெடுப்பாங்களா?" என்றாள். இதை நான் சொல்லியிருந்தால் வாயைக் கழுவச் சொல்லியிருப்பாள்.

மாமாவே முடித்துவைத்தார். "அதைத் தூக்கி அக்கட்டால வையுங்க. நானும் கதர் சட்டை போட்டுட்டுச் செத்த நேரம் ஜம்முனு உக்காந்துக்கறேன். அவிய கேட்டா, பெருசுக்குச் சளின்னு சொல்லிப்போடலாம்."

நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அறைவாசல் வழியாகக் கூடத்தைக் கடந்து, எதிர்வீட்டுக் காளீஸ்வரி அக்காவின் கார் ஷெட்டில் கொண்டுபோய் வைத்தோம். காங்கேயத்துக்காரர்கள் போனதும் எடுத்துவந்துவிடலாம்.

பேப்பரில், பராமரிப்புப் பணிக்காக நாளை ஒன்பது மணியிலிருந்து எங்கள் பகுதியில் கரண்ட் இருக்காது, சாயங்காலம்தான் வரும் என்று போட்டிருக்கிறது. போயும் போயும் நாளைக்கு. பரவாயில்லை. காலையில் பேட்டரியைத் தொடாமல் நிறைய வைத்துக்கொண்டால் தாராளமாகத் தாங்கும். அந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 20, புதன்

காங்கேயத்துக்காரர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. மாமா தவறிவிட்டார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வீடு முழுக்க ஆட்கள். எழுத இடமில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

எழுதினால் மனசு ஆறும் என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

செட்டிங்கை மாற்ற மறந்துவிட்டேன் என்றுதான் சாந்தாமணியிடம் சொல்லியிருக்கிறேன். அன்று காலை ஆறு மணிக்கு முன்னாலேயே போனைக் கையில் எடுத்தேன். வெந்நீர், கேசரி, கூடத்தில் ஏசி என்று அன்றைக்கு வீடே கொதித்துக்கொண்டிருந்தது. அத்தனையும் அதிக விலையிலா என்று தோன்றியது. கரண்ட் போகும் வரைக்கும் பேட்டரியில் ஓடட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போனை வைத்துவிட்டேன்.

அவர்கள் வருவதற்கு முன்பே தெருவில் கரண்ட் போய்விட்டது. பையனின் அப்பா கனத்த உடம்பு. ஏசிக்கு நேராக உட்கார்ந்துகொண்டார்.

"வர்ற வழியில கடையெல்லாம் இருட்டா இருந்துச்சுங்களே. உங்கூட்டுல மட்டும் ஓடுது?"

"பேட்டரி போட்டிருக்கறமுங்க" என்றேன். "கரண்ட் போனதே எங்களுக்குத் தெரியாது. சாயங்காலம் வரைக்கும் ஏசியே ஓடுமுங்க."

அவர் மனைவியைப் பார்த்துத் தலையாட்டினார். ஆலைக்கும் இப்படி ஒன்று போடலாமா என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் இந்தக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு பெரிய மனிதர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மடியில் போன் இருந்தது. நான் பேசப் பேச அதில் எண் இறங்கிக்கொண்டிருந்தது. ஏசியை மட்டும் அணைத்திருந்தால் போதும். மாமாவின் மெஷினுக்கு மத்தியானம் வரைக்கும் வந்திருக்கும். ரிமோட் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. சாயங்காலம் வரை ஓடும் என்று இப்போதுதான் சொன்ன வாயோடு எப்படி எழுந்து அணைப்பது? பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்போதுதான் சிந்துஜா காபித் தட்டோடு வந்தாள். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பையனின் அம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

ஏசி நின்றது. மாமாவின் அறையில் மெஷின் கீங்கீங் என்று கத்த ஆரம்பித்தது.

"என்னுங்க சத்தம்?" என்றார் பையனின் அப்பா.

"பேட்டரி மாறுமுங்க. அப்படித்தான் கத்தும். பாத்துட்டு வந்தர்றேன்" என்று எழுந்தேன்.

மாமா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றியிருந்தார். கதர் சட்டையில் மேல் பொத்தானைப் பிய்த்திருந்தார். மெஷினை அணைத்தேன். சத்தம் நின்றது. "செத்த நேரம் பொறுத்துக்குங்க மாமா, கெளம்பீருவாங்க" என்றேன். அவருக்குப் பேச்சு வரவில்லை. கையைத் தூக்கிக் கதவைக் காட்டினார். கதவைச் சாத்தச் சொன்னார். சாத்திவிட்டு வந்தேன்.

சிலிண்டரை உருட்டிக்கொண்டு வருவதென்றால் கூடத்தின் நடுவில்தான் வர வேண்டும். சாந்தாமணி சமையல்கட்டில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தில் அவளுக்கு மெஷின் கத்தியது கேட்கவில்லை போலிருக்கிறது. அவளிடம் சொல்லியிருந்தால் அத்தனை பேர் முன்னாலும் ஓடியிருப்பாள். அதனால் சொல்லவில்லை. "சின்னக் கோளாறுதானுங்க, சரி பண்ணீட்டேன்" என்று உட்கார்ந்தேன். ஜன்னலைத் திறந்துவிட்டோம். அவர்கள் இரண்டாவது தடவை கேசரி வாங்கிச் சாப்பிட்டார்கள். பூ வைக்கிற நாள் பற்றிப் பேச்சு வந்தது. பேச்சு நீண்டது.

அவர்கள் கார் கிளம்பியதும், சாந்தாமணி ஒரு கிண்ணத்தில் கேசரியை எடுத்துக்கொண்டு, "அப்பா, முடிஞ்சுதுங்கப்பா, நம்ம புள்ளைக்கு முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தாள்.

மனசு ஆறவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

காங்கேயத்திலிருந்து துக்கம் கேட்க வந்தார்கள். சகுனம் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பையனின் அப்பாவே என் தோளைத் தட்டினார். "பேத்திக்கு நல்ல எடம் அமைஞ்சுதுன்னு காதுல கேட்டுப்போட்டுத்தான் போயிருக்கறாரு. குடுத்து வெச்சவருங்க. தையில வெச்சுக்கலாம்" என்றார்.

வந்தவர்கள் எல்லோரும் சுவரில் இருக்கும் பெட்டியைப் பார்த்தார்கள். மாமனாருக்காகவே வாங்கிப் போட்டவர் என்று காளீஸ்வரி அக்கா ஒவ்வொருவரிடமும் சொன்னார். சாந்தாமணியும் தலையாட்டினாள். நேரம் வந்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும் என்றார்கள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கருமாதி முடிந்தது. சாந்தாமணியின் பெரியப்பா மகன் மயில்சாமி தனியாகக் கூப்பிட்டார். அவருடைய அம்மாவுக்கும் போன வாரம் ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கிறார்களாம். பேட்டரியும் வாங்கிவிட்டார். "நீங்க மாமனாருக்கு வெச்ச மாதிரியே எங்கம்மாளுக்கும் வெச்சுக் குடுங்க மச்சான்" என்று போனை நீட்டினார்.

வாங்கி ரிசர்வை நூறில் வைத்தேன். எக்காரணம் கொண்டும் குறைக்கக் கூடாது என்றேன்.

"நீங்களும் நூறுலதான வெச்சிருந்தீங்க?"

ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 10, புதன்

மெஷினை வாடகைக்காரன் வந்து எடுத்துப்போய்விட்டான். ஆப்பைத் திறந்தேன். கோடு தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சமாகிறது. எடுத்துச் செலவழிக்க ஆள் இல்லை. போனை மூடினேன். திரும்பத் திறந்து பார்த்தேன். இன்று முழுவதும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அந்தக் கோடு எழும்பிவிடாதா என்று இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

சாந்தாமணி இன்று சாயங்காலம் மாமாவின் துணிகளை எடுத்து மடித்தாள். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று சொன்னாள். நான் கூடத்தில் டைரியோடு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதர் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பொத்தான் பிய்ந்த இடத்தைத் தடவினாள். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"கடைசியா அப்பாவப் பாத்தது நீங்கதானுங்களே. என்ன சொன்னாரு?"

"அன்னிக்கே சொன்னனே. கதவச் சாத்தச் சொன்னாரு."

"வாயத் தொறந்து சொன்னாரா?"

"கையக் காட்டுனாரு. கதவக் காட்டுனாரு."

அவள் சட்டையை மடித்தாள். திரும்பப் பிரித்தாள். "தை மாசத்துல இருந்து அப்பா அந்தக் கதவ ஒரு நாளும் சாத்த உட்டதில்லீங்க. குளுருல கூட. சாத்துனா மூச்சு முட்டுதும்பாரு. உங்களுக்கும் தெரியும்."

"வந்திருக்கறவிய பாக்கக் கூடாதுன்னு நெனச்சிருப்பாரு" என்றேன்.

"சாத்தறதுக்கில்லீங்க, வழியத்தான் காட்டியிருப்பாரு" என்றாள். "அந்த வழியாத்தான நீங்களும் நானும் சிலிண்டரத் தூக்கிட்டுப் போனோம். அப்பா கட்டல்ல உக்காந்து பாத்துட்டுத்தான இருந்தாரு."

டைரியில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், வேண்டுமானால் படித்துப்பார் என்று சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. சாத்தச் சொன்னார் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

அவள் சட்டையோடு எழுந்துவந்து என் முன்னால் நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

"தெரிஞ்சுதானுங்க சாத்துனீங்க?" என்று கேட்டாள்.

நான் பேனாவை எடுத்து இதை எழுத ஆரம்பித்தேன். அவள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள்.